பெந்தம் தந்த உடல்

ஒரு செயலால் விளையும் இன்ப துன்பங்களை நிறுத்துப் பார்த்தே அதனை நன்றென்றோ தீதென்றோ கூறல் வேண்டும் என்பது ஜெரமி பெந்தம் வகுத்த அறக்கொள்கை. 1748-இல் இலண்டனில் ஒரு வழக்கறிஞருக்கு மைந்தராய்ப் பிறந்த இவர், சட்டம் பயின்றும் வழக்காடாது, சட்டங்களைத் திருத்தும் முயற்சியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். மரண தண்டனையையும் அத்தராசில் இட்டுப் பார்த்து, வேண்டாததென்று துணிந்தார்.

அந்நாளில் இங்கிலாந்தின் மருத்துவ மாணவர் அறுத்துப் பயிலுதற்குச் சட்டம் அளித்தவை, கொலைக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டோர் உடல்களே. அவை போதாமையால் கல்லறைகளைத் தோண்டிப் பிணந்திருடுவோர் பெருகினர். எடின்பரோ நகரிலோ பர்க், ஹேர் என்னும் இருவர் பிணம் விற்கும்பொருட்டு 16 பேரைக் கொன்றமை 1828-இல் வெளிப்பட்டது.

பெந்தமோ, நம்மினும் சிறிதே மூத்தவராய், 21 வயதினராய் இருந்தபொழுதே, தம் உடலை அறுவைக்கு அளித்து உயில் எழுதிவைத்தார். இதனை எண்ணுந்தோறும் நாம் வியக்கின்றோம். 1832 ஜூன் 6-இல் அவர் இறந்தார். மூன்றாம் நாள், நண்பர் சவுத்வுட் ஸ்மித் அவ்வுடலை முன்வைத்தே விரிவுரை நிகழ்த்தினார். அவருடைய எலும்புக்கூடு, அவர்தம் ஆடையணிந்து மெழுகுத் தலையுடன் இலண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் இன்றும் அமர்ந்திருக்கின்றது. (இக்கோலத்தை மட்டும் நாம் விரும்புகின்றிலோம்.)

அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் பிறந்தது. ஏழையர் விடுதிகளில் இறந்து, உரிமை கோருவாரற்றுக் கிடந்தோர் உடல்கள் அதன்படி மருத்துவப் பள்ளிகளுக்குச் சென்றன. பிணத்திருட்டு படிப்படியாக ஒழிந்தது. தராசும் நேர் நின்றது. ஆயினும் பெந்தம் தம் உடலைத் தாமே கொடுத்தார்; அவ்வேழையரின் இசைவை எவரும் கேட்டிலர்.