கம்ப்யூட்டர் வரும் முன்பே வேரின் தாகத்தை அளந்தவர்: யார் இந்த ஸ்டீபன் ஹேல்ஸ்?

பயிருக்கு எப்போ, எவ்வளவு தண்ணீர் விடணும்? இன்று இதைக் கணிக்க கம்ப்யூட்டர் மாடல்கள் இருக்கு. 300 வருஷத்துக்கு முன்பு, இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸிடம் (1677-1761) இருந்தது தராசுதான்.

1724 கோடையில், சூரியகாந்தித் தொட்டியில் மண் ஈரம் ஆவியாகாதபடி ஈயத் தகட்டால் மூடினார். காலையும் மாலையும் எடை போட்டார். குறைந்த எடைதான் இலைகள் வெளியேற்றிய நீர்: பகலில் சராசரியா அரை லிட்டருக்கு மேல்!

அதோட விடல. வேர், இலை பரப்பையும் கணக்கிட்டார். வேரின் பரப்பு இலையில் பாதிகூட இல்லை. அப்படின்னா, வேருக்குள் நீர் நுழையும் வேகம் இரு மடங்குக்கும் அதிகம். 1727-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

மண் இழந்தது, வேர் எடுத்தது, இலை விட்டது: இன்றைய மாடல்கள் போடுவதும் இந்த வரவு செலவுக் கணக்குதான்.