அண்ணலுக்கு வந்த அரச இலை

நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னா, வெண்கலத்தில் செய்த ஓர் அரச இலை. நீளம் 5.8 செ.மீ., அகலம் 4.7 செ.மீ. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1990 ஏப்ரல் 14 அன்று அந்த இலை அண்ணல் அம்பேத்கரின் பெயருக்கு வந்தது. குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனிடமிருந்து அதைப் பெற்றவர் அண்ணலின் துணைவியார் சவிதா அம்பேத்கர். அண்ணல் மறைந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

1891 ஏப்ரல் 14 அன்று மவ் ராணுவ முகாமில், சுபேதார் ராம்ஜி – பீமாபாய் தம்பதியின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார விடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்து, தனியே உட்கார்ந்து படித்தார். குழாயைத் தொடக்கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகம்தான்.

அந்தச் சிறுவன் 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பிறகு லண்டனிலும் பட்டங்கள் பெற்றார். 1927 மார்ச் 20 அன்று மகாடில், தடுக்கப்பட்ட பொதுக்குளத்தின் தண்ணீரை மக்களோடு சேர்ந்து அள்ளிக் குடித்தார். 1947-ல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டபோது, 1951-ல் அமைச்சர் பதவியை உதறினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

புத்தர் ஞானம் பெற்றது அரச மரத்தடியில். பௌத்தரான அண்ணலுக்கு அரச இலையே விருதாக வந்தது பொருத்தம்தான். ஆனால் நம் ஊர் அரச மரத்தடிக்கு வேறொரு கதை உண்டு. மேடையில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருக்க, சேரி மக்கள் எட்டத்தில் கைகட்டி நின்ற இடம் அது.

அந்த வெண்கல இலை நம் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் அண்ணலின் 125-வது பிறந்த ஆண்டையொட்டி, 2015-ல் அவர் உருவம் பொறித்த 10 ரூபாய் நாணயம் வெளியானது. அதன் வெளிவளையம் அலுமினிய வெண்கலம். மாணவர்களே, கையில் 10 ரூபாய் நாணயம் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அண்ணல் இருக்கக்கூடும்.

10 ரூபாய் நாணயம் எதுவானாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்துவிட்டது. இருந்தும் பல கடைகளில் வாங்க மறுத்தார்கள். செல்லும் என்கிறது சட்டம். செல்லாது என்கிறது ஊர். அண்ணல் தந்த 17-வது பிரிவுக்கும் பல ஊர்களில் இதே நிலைதான். இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.