சமனிலிக் குறிகளும் தாமஸ் ஹாரியட்டும்

எண்கோட்டில் 3 என்ற புள்ளியின் மீது வெற்று வட்டம் இட்டு, அங்கிருந்து வலப்புறமாக அம்புக்குறி வரைந்தால், 3-ஐ விடப் பெரிய எண்கள் அனைத்தும் அதில் அடங்கிவிடும். 3-உம் சேரவேண்டுமானால் வட்டத்தை நிரப்பிவிட வேண்டும். சமனிலி அல்லது அசமன்பாடு எனப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் இப்பாடத்தின் 'பெரிது', 'சிறிது' குறிகள் 1631இல் முதன்முதலாக அச்சேறின. அந்த நூல் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் பெயரில் வெளிவந்தது. ஆனால் அவர் இறந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

1560 அளவில் பிறந்த ஹாரியட், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, கடலோடி வால்டர் ராலேயிடம் பணியில் சேர்ந்தார். 1585இல் வட அமெரிக்காவின் ரோனோக் தீவுக்குச் சென்றார். அங்குள்ள பூர்வகுடிகளின் மொழியையும் கற்றிருந்தார். அப்பயணம் குறித்து 1588இல் வெளியான அறிக்கையே, வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஒரே நூல்.

1609 ஜூலையில், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்னரே, தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து அவர் வரைந்தார். ஒளிவிலகல் விதியையும் ஸ்னெல்லுக்கு முன்பே கண்டறிந்திருந்தார். இவை எதையும் அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அவரது புரவலர்களுக்கு நேர்ந்த கதி இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ராலே 1603இலும், நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சி 1605 வெடிமருந்துச் சதியை அடுத்தும் சிறைப்பட்டனர். ஹாரியட்டும் சிறிது காலம் சிறையில் இருந்தார். 1618இல் ராலேயின் தலை துண்டிக்கப்பட்டது. 1621 ஜூலையில் ஹாரியட் புற்றுநோயால் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான தாள்களிலிருந்தே 1631ஆம் ஆண்டு நூல் தொகுக்கப்பட்டது. தொகுத்தவர்கள் அவரது குறிகளின் வடிவத்தை எளிமையாக்கினர். அதைவிடப் பெரிய இழப்பும் ஏற்பட்டது. சமன்பாடுகளுக்கு எதிர்ம எண்களும் தீர்வாகலாம் என்று ஹாரியட் எழுதியிருந்தார். அப்பகுதியை அவர்கள் விட்டுவிட்டனர். எண்கோட்டில் பூச்சியத்துக்கு இடப்புறம் உள்ள பாதியை நீக்கியதற்கு ஒப்பானது இது.

அந்த இடப்புறத்தை 1685இல் ஜான் வாலிஸ் விளக்கினார். ஒரு மனிதர் 5 கஜம் முன்னே சென்று 8 கஜம் பின்வாங்கினால், புறப்பட்ட இடத்துக்கு 3 கஜம் பின்னால் நிற்பார் என்று அவர் காட்டினார். ஹாரியட்டின் பெருமையை வலியுறுத்தியதும் அதே நூல்தான்.

சமன்பாடுகள் குறித்து ஹாரியட் எழுதியவை, அவரது கையெழுத்துப் படிகளின் அடிப்படையில் முறையாகப் பதிப்பிக்கப்பட்டது 2003இல்தான். அவரது குறிகளை உலகெங்கும் மாணவர்கள் நாள்தோறும் எழுதுகின்றனர். அவர் பெயரை அறிந்தவர்களோ மிகச் சிலரே.