பச்சையப்ப முதலியார்

உண்டியும் உடையும் போலவே உறையுளும் மக்கட்கு இன்றியமையாதது. அதனை இழந்தார்க்கு முதற்கண் உதவ வல்லவர் அண்டை அயலாரே. இவ்வுண்மைக்குப் பச்சையப்ப முதலியாரின் வாழ்க்கை ஒரு நற்சான்று. காஞ்சிமா நகரில் அவர் பெயர் தாங்கி நிற்கும் பள்ளியையும் கல்லூரியையும் அறியாதார் இலர். ஆயின், அவர் பிறந்த காலத்து அவர்தம் அன்னைக்குத் தமதென்று சொல்லிக்கொள்ள ஒரு கூரையும் இருந்ததில்லை என்பதை அறிந்தார் சிலரே.

அவர் தந்தையார் விசுவநாத முதலியார், மகன் முகம் காணுமுன்னரே மறைந்தார். கருவுற்றிருந்த பூச்சியம்மாள் தம் இரு பெண்மக்களுடன் பெரியபாளையத்து ரெட்டிராயரிடம் அடைக்கலம் புகுந்தார். கணவரின் நண்பராகிய அவர், அக்குடும்பத்தைத் தம் குடும்பம்போற் பேணினார். 1754ஆம் ஆண்டிற் பச்சையப்பர் பிறந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் ரெட்டிராயரும் மறையவே, அத்தாய் மீண்டும் புகலற்றவரானார். மக்களுடன் சென்னை சேர்ந்த அவரை, ஆங்கிலேயர் ஒருவரிடம் துபாஷியாயிருந்த நாராயண பிள்ளை ஆதரித்தார். சிறுவனுக்கு ஆங்கிலமும் கணக்கும் வணிகமும் பயிற்றுவித்தவரும் அவரே.

பின்னர்ப் பச்சையப்பரும் துபாஷியாகிச் சென்னையிலும் தஞ்சையிலும் பெரும்பொருள் ஈட்டினார். 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நோயுற்ற நிலையில், தம் செல்வத்தைக் கோயிற் பணிகளுக்கும் அறங்களுக்கும் உரிமையாக்கி விருப்பமுறி எழுதினார். அத்திங்களிலேயே திருவையாற்றில் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு அகவை ஏறத்தாழ நாற்பது.

பொருளை விட்டுச் செல்லுதல் எளிது. அது சேருமிடம் சேர்தல் அரிது. அவர் வைத்த பொருள் நெடுங்காலம் வழக்குமன்றத்திற் சிக்கிக் கிடந்தது. சென்னைப் பெருமக்களும், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனும் முயன்றதன் பயனாக, எஞ்சிய பொருள் கல்விக்கு உரியதாயிற்று. 1842ஆம் ஆண்டிற் சென்னையில் முதற் பள்ளி தோன்றியது. 1889இல் அது கல்லூரியாய் உயர்ந்தது. பட்டுத்தறி ஒலிக்கும் காஞ்சியிலும் அவ்வறத்தின் பள்ளி எழுந்தது. நெசவாளர் குடியிற் பிறந்த சி. என். அண்ணாதுரை அங்குப் பயின்றே, பிற்காலத்தில், 1967ஆம் ஆண்டு, முதலமைச்சரானார்.

ஈண்டு ஒன்று கூறாமல் விடுதல் முறையன்று. பச்சையப்பன் கல்லூரி 1947ஆம் ஆண்டுவரை இந்துக்கள் அல்லாதார்க்குக் கதவு திறந்ததில்லை. கிறிஸ்தவராகிய யாம் அக்காலத்திருந்தால் அதன் வாயிலிலேயே நின்றிருப்போம். இதனை யாம் குறைகூறும் பொருட்டு உரைத்திலேம். அடைக்கலத்திற் பிறந்த அறமும் தன் வாயிலை அகலமாக்கக் காலம் வேண்டிற்று என்பதே கருத்து. எம் வாயில்களையும் யாம் இவ்வாறே நோக்குதல் தகும்.

கோயில் மதிலோரத்தும் கடைத் திண்ணைகளிலும் இரவைக் கழிப்போரைக் கடந்தே யாம் நாடோறும் செல்கின்றோம். அவருள் எவர் மடியில் எத்தகைய குழந்தை உறங்குகின்றதென்பதை யாரே அறிவார்? ரெட்டிராயரும் அறிந்திலர். நாராயண பிள்ளையும் அறிந்திலர். பயன் கருதாது அவ்விருவரும் திறந்த கதவுகளே இன்று ஆயிரக்கணக்கான மாணவர்க்குக் கல்விக்கூடங்களாய் நிற்கின்றன. பச்சையப்பரைப் புகழும் நாவால் அவ்விருவரையும் நினைத்தலும், அவர் செய்ததை எம் தெருவில் யாம் செய்தலும் எம் கடனாம்.