சேலம் விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (சூன் 18, 1852 – ஏப்ரல் 19, 1944) இந்திய விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரும் வழக்கறிஞரும் ஆவார். 1920 ஆம் ஆண்டு நாக்பூரில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சேலத்திலேயே கழித்தவராதலால் ஊர்ப்பெயரே இவருக்கு அடைமொழியாயிற்று.

இளமை

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள பொன்விளைந்த களத்தூரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1875 இல் பட்டம் பெற்றபின் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். சட்டக்கல்வியை எங்கும் முறையாகப் பயிலாமல், தாமே படித்துத் தேர்வெழுதி 1881 இல் வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டே சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார்.

சேலம் கலவர வழக்கு

1882 ஆகத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த பிணக்கு, இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் இடையே பெருங்கலவரமாக முற்றியது. கலவரத்தைத் தூண்டியவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது வழக்குத் தொடரப்பட்டு, பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொழில் தொடங்கி ஓராண்டே ஆன இளம் வழக்கறிஞருக்கு வாழ்வே முடிந்துவிட்ட நிலை அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலை பெற்றார்.

பெரும்பாலோர் அத்துடன் அமைதியாகியிருப்பர். இவர் அமைதியாகவில்லை. இதே வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காக அரசப் பிரதிநிதி ரிப்பன் வரை முறையிட்டு வெற்றி கண்டார். நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கியதை எதிர்த்து இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடுத்தார். பதவி மீண்டும் கிடைத்ததுடன் நூறு ரூபாய் இழப்பீடும் தீர்ப்பாயிற்று. தொகை சிறிதெனினும், பேரரசின் அமைச்சர் ஒருவரை ஒரு மாவட்ட நகரின் வழக்கறிஞர் வென்றது நாடெங்கும் பேசப்பட்டது. சேலத்து வீரர் என்றும் தென்னிந்தியாவின் சிங்கம் என்றும் மக்கள் இவரை அழைத்தனர்.

அரசியல் பணி

காங்கிரசின் தொடக்க ஆண்டுகளிலேயே அதில் ஈடுபட்டார். 1887 சென்னை மாநாட்டில் அதன் விதிகளை வகுக்க அமைந்த குழுவில் இடம்பெற்றார். 1895 முதல் சென்னை சட்டமன்றத்திலும் 1913 முதல் 1916 வரை இந்தியப் பேரரசின் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

நாக்பூர் மாநாடு இவர் அரசியல் வாழ்வின் உச்சம் எனலாம்; முரண்பாடு மிகுந்த கட்டமும் அதுவே. காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானம் அங்கு உறுதி செய்யப்பட்டது. வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிப்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. நீதிமன்றத்தில் போராடியே தம் மானத்தை மீட்டவர் அம்மாநாட்டின் தலைவராக வீற்றிருந்தார். அத்திட்டத்தில் இவருக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயினும் அவையில் பெரும்பான்மை காந்தியின் பக்கம் இருந்தது. அதே சேலத்தில் 1900 முதல் வழக்கறிஞராக இருந்த இராசகோபாலாச்சாரி தொழிலைத் துறந்து காந்தியைப் பின்பற்றினார். விஜயராகவாச்சாரியார் மெல்ல ஒதுங்கினார்.

பிற்காலம்

சைமன் குழுவை எதிர்த்தார். 1931 இல் அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். மறுஆண்டு அலகாபாத்தில் கூடிய ஒற்றுமை மாநாட்டிற்கும் தலைமையேற்றார். கலவர வழக்கில் சிக்கியவர் ஐம்பதாண்டுகளுக்குப் பின் சமயங்களிடையே உடன்பாடு காணும் அவையில் அமர்ந்தது குறிப்பிடத்தக்கது. விடுதலைக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1944 இல் தமது 91 ஆம் அகவையில் காலமானார். இவருடைய நூல்களும் தாள்களும் சேலத்தில் இவர் பெயரால் அமைந்த நினைவு நூலகத்திற்குச் சேர்ந்தன.