ஊசி பிடிக்காமல் தூரிகை பிடித்த ஒசாமு தெசுகா

ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில் 1928 நவம்பர் 3ஆம் தேதி பிறந்தவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படித்துத் தேறியும் ஊசி பிடிக்காமல் தூரிகை பிடித்தார். 1952இல் சிறுவர் இதழ் ஒன்றில் இயந்திரச் சிறுவன் ‘அட்டம்’ கதையை வரையத் தொடங்கினார். உலகம் அவனை ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியும்.

1963 ஜனவரி 1ஆம் தேதி அட்டம் ஃபுஜி தொலைக்காட்சியில் ஒளியேறினான். வாரந்தோறும் அரைமணி நேரம். படச்சுருளில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் புதிய படம் வரைந்தால் ஒரு வாரம் போதாது. ஆகவே, ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்குப் பயன்படுத்தினார். பேசும் காட்சியில் வாயை மட்டும் அசைய வைத்தார். வரைந்த படங்களைச் சேமித்து வைத்து மறுபடியும் எடுத்தாண்டார். அசைவு குறைந்தாலும் கதை பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. 1966 வரை 193 பாகங்கள் வந்தன.

ஆனால், ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கே அவற்றை நிலையத்துக்குக் கொடுத்தார். அவர் தொடங்கிய முஷி நிறுவனம் 1973இல் நொடித்துப் போனது. ஜப்பானிய அனிமேஷன் ஓவியர்களின் குறைந்த சம்பளத்துக்கு அந்த விலையே வித்திட்டது என்று குறை சொல்வோர் இன்றும் உண்டு.

1989 பிப்ரவரி 9ஆம் தேதி, 60 வயதில், இரைப்பைப் புற்றுநோயால் தெசுகா மறைந்தார்.

கார்ட்டூன் துறையில் கால் பதிக்க விரும்பும் நம் இளையோருக்கு அவர் வாழ்க்கை இரண்டு பாடங்களைத் தருகிறது. கதை வலுவாக இருந்தால் குறைந்த படங்களே போதும். உழைப்புக்கு விலை பேசும்போது மட்டும் குறைத்துக்கொள்ளக் கூடாது.