ஜான் பிராங்க் ஸ்டீவன்ஸ்

பனாமாக் கால்வாயை முடித்த கோத்தல்ஸை உலகம் போற்றும். யாம் ஈண்டுக் கூறப் புகுவது அவர்க்கு முன்னிருந்த ஸ்டீவன்ஸ் என்பாரின் வரலாறு.

1853இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திற் பிறந்த இவர், இருப்புப்பாதை அமைப்பதிற் பெயர் பெற்றவர். 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தலைமைப் பொறியாளராய்ப் பனாமாவை அடைந்தார். ஆங்கே மஞ்சட் காய்ச்சலுக்கு அஞ்சிப் பலர் ஓடிப்போயிருந்தனர். எஞ்சியோர்க்கு நல்ல உணவுமில்லை, உறையுளுமில்லை. விரைந்து தோண்டுமாறு தாய்நாடு நெருக்கியது. அவரோ, குலேப்ரா மலையில் தோண்டுதலையே நிறுத்திவிட்டார்!

மருத்துவர் கார்கஸுக்கு வேண்டிய ஆளும் பொருளும் அளித்துக் கொசுக்களை ஒழிப்பித்தார். வீடுகளும் உணவுச்சாலைகளும் எழுப்பினார். மண்ணை வெட்டுதலினும் அகற்றுதலே அரிதென்று கண்டு, இருப்புப்பாதையை இரட்டையாக்கினார். வெட்டும் இயந்திரம் வெற்று வண்டிக்காகக் காத்து நிற்றலாகாது என்பதே அவர் கணக்கு. அதன்பின்னரே மலை பிளந்தது.

1907இல் அவர் பதவி துறந்தார். அவர் வகுத்த முறை நின்றது. 1914 ஆகஸ்டு 15இல் கால்வாய் திறக்கப்பெற்றது. 1943இல் அவர் காலமானார்.

கோபுரங் கட்டப் புகுந்தவனது உவமையை யாம் கோயிலிற் பன்முறை கேட்டுள்ளோம். ஆயினும், தேர்வு நெருங்கிய பின்னரே நூலைத் தேடுகின்றோம். ஆயத்தமும் வேலையே என்பதை இப்பெரியார்பாற் கற்போமாக.